கடலோடி பதில்கள்: நீவாடும் தரையும்

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "கடல் நீரோட்டத்துக்குத் தள்ளு கொடுப்பது காற்று, வழி சொல்வது தரை" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஆசிரியர் கட்டை அப்படியே எனக்கு அனுப்பி, "நீங்கள் ஆரம்பித்தது, நீங்களே முடியுங்கள்" என்று சீட்டும் வைத்துவிட்டார். ஆகவே கப்பல் வேலை, சம்பளம், சிடிசி (கடலோடிகளின் சான்றுப் புத்தகம்) பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று அடிக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. கடலுக்கடியில் கிடக்கிற மேடு பள்ளத்துக்கு இதில் என்ன வேலை? கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டீர்களோ? (தூத்துக்குடி வாசகர்)

நம் ஊர்க்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? கடலுக்குள் பார் (பாறைத்திட்டு) எங்கே கிடக்கிறது என்று தெரிந்த வள்ளக்காரருக்கு, அந்த இடத்தில் நீவாட்டின், அதாவது நீரோட்டத்தின், போக்கும் தெரியும். சரி, அது சின்னக் கணக்கு. பெரிய கணக்குக்குத் தென்னாப்பிரிக்கா போவோம்.

1994-ல் நான் செகண்ட் மேட், கப்பலின் அதிகாரிகளில் ஒருவன். ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ராட்டர்டாம் போகிறோம். நள்ளிரவு 12 முதல் 4 வரை என் வாட்ச். பிரிட்ஜுக்கு ஏறினால், சார்ட் மேசையில் கேப்டன் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "200 மீட்டர் கோட்டை விடாதே." கடல் ஆழம் 200 மீட்டர் இருக்கும் இடங்களை எல்லாம் இணைத்து சார்ட்டில் ஒரு கோடு ஓடும். அதைத்தான் சொல்கிறார். நானும் அந்தக் கோட்டின் வெளிப்பக்கமாகவே ஓட்டினேன். தண்ணீருக்குள் கப்பலின் வேகத்தைச் சொல்லும் லாக் 12.5 நாட் காட்டியது. (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.) தரையைப் பொறுத்த வேகத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் 16.8 காட்டியது. நான்கு நாட்டுக்கு மேல் இனாம். அந்த இனாமைக் கொடுத்தது அகுல்யாஸ் நீரோட்டம்.

விநாடிக்கு ஏழெட்டுக் கோடி கனமீட்டர் தண்ணீர் அந்தக் கரையோரமாகத் தென்மேற்கே போகிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது விநாடிக்குச் சுமார் 12 லட்சம் கனமீட்டர்தான். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு தண்ணீரும் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) முடிந்து தரை செங்குத்தாக இறங்குகிற அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. விளிம்பு வளைந்தால் தானும் வளைகிறது. தெற்கே போகப் போகத் திட்டு அகலமாகிறது. அங்கே நீரோட்டமும் கரையை விட்டுவிட்டு விளிம்போடு போய்விடுகிறது. தள்ளு கொடுப்பது இந்தியப் பெருங்கடல் முழுவதன் மீதும் வீசும் காற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் ஒரு நாள் வடகிழக்கிலிருந்து அடிக்கும், மறுநாள் தென்மேற்கிலிருந்து அடிக்கும். நீரோட்டம் இரண்டையும் சட்டை செய்வதில்லை. (தென்மேற்குப் புயற்காற்று எழும்பினால் மாலுமிகள்தான் சட்டை செய்ய வேண்டும். எதிர்க்காற்றும் நீரோட்டமும் மோதி அந்த விளிம்புக்கு வெளியே எழும் அலை கப்பலின் மூக்கையே உடைத்துவிடும். அப்போது மட்டும் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கமாக ஒதுங்கச் சொல்லி வழிகாட்டிப் புத்தகத்தில் எச்சரிக்கையே உண்டு.)

இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. வங்காளத்தில் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜேம்ஸ் ரென்னல் ஊர் திரும்பும்போது இதைக் கவனித்து, 1778-ல் அந்தத் திட்டையும் நீரோட்டத்தையும் ஒரே படத்தில் வரைந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்து அதே கரை, அதே வாட்ச், வேறு கப்பல், வேறு கேப்டன். லாக் 12.5 காட்டுகிறது. ஜிபிஎஸ் 11.4. இனாம் போய், கையிலிருந்து ஒரு நாட்டும் போய்விட்டது. கேப்டன் எழுந்து வந்து, பொசிஷனைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அரை மணி நேரம் திட்டினார். நான் போட்டது சரிதான். டர்பனுக்கு வடக்கே நடால் வளைகுடாப் பகுதியில் மட்டும் கடலடிச் சரிவு சாய்வாக இருக்கிறது. மற்ற இடங்களில் செங்குத்து. சரிவு சாய்வான இடத்தில் நீரோட்டத்தின் பிடி தளர்கிறது; வருடத்தில் சில தடவை அங்கே ஒரு புடைப்பு கிளம்பி, நாளுக்கு 10, 20 கிலோமீட்டர் வீதம் கரையோரமாகத் தெற்கே நகர்கிறது. அதன் உட்பக்கம் ஒரு சுழி உட்கார்ந்திருக்கும். கரைப்பக்கம் அது தண்ணீரை வடகிழக்கே தள்ளும். அந்தச் சுழிக்குள்தான் நாங்கள் மாட்டியிருந்தோம். அதற்கு 'நடால் துடிப்பு' என்று பெயர் இருப்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திட்டியவரிடம் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

நாலு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு மலை இருக்கிறது என்று மேலே ஓடும் தண்ணீருக்கு எப்படித் தெரியும்? (சிவகாசி, பிளஸ் டூ மாணவி)

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இதுதான்.

பூமி சுற்றுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. சுற்றுகிற ஒன்றின் மேல் இருக்கும் தண்ணீர் மெதுவாக, பெரிய அளவில் நகரும்போது மேலிருந்து கீழ் வரை ஒரே தூண் மாதிரி நகரப் பார்க்கும். 1916-ல் புரௌட்மன் என்ற ஆங்கிலேயக் கடலியலாளர் இதைக் கணக்கில் காட்டினார். 1923-ல் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் தொட்டியிலேயே காட்டினார். சுற்றும் தொட்டியின் அடியில் ஒரு குட்டை உருளையை மெல்ல நகர்த்தினார். உருளைக்கு மேலே தண்ணீர் தாராளமாக இருக்கிறது, தாண்டிப் போகலாம். ஆனால் அந்த உருளை மேல்மட்டம் வரை நீண்டு நிற்கிற மாதிரி, தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

நம்பிக்கை வராமல் நானும் வீட்டில் செய்து பார்த்தேன். பரணில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று கிடந்தது, நிமிடத்துக்கு 33 சுற்று. அதன் மேல் அகலமான கண்ணாடி ஜாடி, அதில் அரை லிட்டர் தண்ணீர். சுற்ற விட்ட உடனே ஆவலில் நீல மையைச் சொட்டினேன். சாயப்பட்டறைக் கழிவு மாதிரி எல்லாம் கலங்கிவிட்டது. இரண்டாம் தடவை பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜாடியோடு சேர்ந்து தண்ணீரும் ஒரே கட்டியாகச் சுற்ற ஆரம்பிக்க அவ்வளவு நேரம் வேண்டும். அப்புறம் சொட்டினேன். மை மேகமாகப் பரவவில்லை. மேலிருந்து கீழ் வரை மெல்லிய திரைச்சீலையாகத் தொங்கியது. நீள்வாக்கில் மடிந்தது, சுருண்டது, ஆனால் திரையாகவே நின்றது. வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பட்டுப்புடவை அலசின மாதிரி இருக்கு" என்றாள். பள்ளியில் செய்து பாருங்கள். மோட்டார் பக்கம் தண்ணீர் சிந்தாமல்.

இப்போது அந்தத் தூண் ஒரு மேட்டின் மேல் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இடம் குறைவு, தூண் அமுங்கி அகலமாகும். சுழல் நாற்காலியில் சுற்றும்போது கையை விரித்தால் சுற்று குறையும், மடக்கினால் கூடும் அல்லவா? தூணுக்கும் அதே கதி. அமுங்கினால் அதன் சுழற்சி மாற வேண்டும், சுழற்சி மாறினால் பாதை திரும்ப வேண்டும். ஆழம் மாறாத வழியாகச் சுற்றிப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அதனால்தான் பெரிய நீரோட்டங்கள் ஆழக் கோடுகளை ஒட்டியே ஓடப் பார்க்கின்றன. அகுல்யாஸ் தெற்கே போய்த் திரும்பிக் கிழக்கே வரும்போது, அகுல்யாஸ் பீடபூமி என்ற கடலடி மேட்டைத் தாண்டாமல் வடக்கே ஒரு பெரிய வளைவு எடுத்துப் போகிறது. மேல்மட்டத்தின் வெப்பநிலையைக் காட்டும் செயற்கைக்கோள் படத்திலேயே அந்த வளைவு தெரியும்.

ஒரு திருத்தம். உண்மைக் கடல் என் ஜாடி இல்லை. மேலே லேசான தண்ணீர், கீழே கனத்த தண்ணீர் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அடுக்கு வலுவாக இருந்தால் தூண் நடுவில் துண்டுபட்டுப் போகும். கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீரைக் கொட்டுகிற வங்கக் கடலில் மேல் அடுக்கு ரொம்ப லேசு. தரையின் பேச்சு மேலே அவ்வளவாக எடுபடாது. துருவங்களை நோக்கிப் போகப் போக அடுக்குகள் தளர்கின்றன, தரையின் கை மேல்மட்டம் வரை எட்டுகிறது.

சுழி என்கிறீர்களே, கப்பலை உள்ளே இழுத்துவிடாதா? (மதுரை வாசகர்)

இழுக்காது. நான் சொல்லும் சுழி 50, 100, சில இடங்களில் 300 கிலோமீட்டர் அகலம். ஒரு சுற்றுச் சுற்ற நாள்கணக்கில் ஆகும். நடுவில் நின்றுகொண்டு கேரம்போர்டு ஆடலாம். லாக்கும் ஜிபிஎஸ்ஸும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான் அடையாளம்.

அண்டார்க்டிகாவைச் சுற்றி ஒரு நீரோட்டம் ஓடுகிறதாமே. அங்கே காற்று ஓய்வதில்லை, முட்டிக்கொள்ள ஒரு கரையும் இல்லை. அப்படியானால் அது வேகம் கூடிக்கொண்டேதானே போக வேண்டும்? (கோலாலம்பூர் வாசகி)

அம்மா, இந்தக் கேள்வி பெரிய விஞ்ஞானிகளையே பல வருடம் தூங்க விடவில்லை.

மற்ற நீரோட்டங்கள் எல்லாம் எங்காவது ஒரு கண்டத்தில் போய் முட்டும். இது ஒன்றுதான் பூமியைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கிறது. தென்னமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே டிரேக் நீரிணை, சுமார் 800 கிலோமீட்டர் அகலம். அதில்தான் இந்த ஓட்டம் ஒடுங்கிப் போகிறது. விநாடிக்கு 13 முதல் 17 கோடி கனமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். மேலே வருடம் முழுக்க மேலைக்காற்று. மாலுமிகள் அதை 'ரோரிங் ஃபார்ட்டீஸ்' (உறுமும் நாற்பதுகள்) என்போம்; அது உறுமுவதைக் கேட்டவர்கள் பெயரை மறுக்க மாட்டார்கள்.

1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் ஹிடாகா கணக்குப் போட்டார். தரையைச் சமதளமாக வைத்து, தண்ணீரின் உராய்வு மட்டுமே பிரேக் என்று எடுத்துக்கொண்டால், ஓட்டம் நிஜத்தைவிடப் பல மடங்காக வந்தது. அதைக் குறைக்க வேண்டும் என்றால் தண்ணீர் கூழ் மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை. ஆனால் 1951-லேயே வால்டர் மங்க், எரிக் பால்மேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சின்னக் கட்டுரையில் வேறொரு பிரேக்கைக் காட்டியிருந்தார்கள்: கடலடி மலைகள்.

அந்தப் பாதையில் மலைகளுக்குப் பஞ்சமில்லை. டிரேக் நீரிணையைத் தாண்டினால் ஸ்கோஷியா முகடு. இந்தியப் பெருங்கடலின் தெற்கே கெர்கெலன் பீடபூமி. அதன் மேல்நுனிகள்தான் கெர்கெலன், ஹெர்ட் தீவுகளாகத் தலை நீட்டுகின்றன. நீரோட்டத்தின் பெரும்பகுதி அதை வடக்கே சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு பங்கு நடுவிலுள்ள பள்ளத்தில் நுழைந்து தாண்டுகிறது. அப்புறம் நியூசிலாந்துக்குத் தெற்கே மக்குவாரி முகடு. கிழக்கே ஓடும் தண்ணீர் ஒவ்வொரு மலையிலும் மேற்குப் பக்கச் சரிவை அதிகமாக அழுத்துகிறது, கிழக்குப் பக்கச் சரிவைக் குறைவாக அழுத்துகிறது. சதுர மீட்டருக்கு வித்தியாசம் சொற்பம்தான், ஆனால் அதை மலையின் பரப்பால் பெருக்குங்கள். காற்று கிழக்கே தள்ளுகிற தள்ளு முழுவதும் கடைசியில் மலைகளின் முதுகில் போய் இறங்குகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். காற்று தொடுவது மேல்மட்டத்தை. மலை இருப்பது மூன்று, நான்கு கிலோமீட்டர் கீழே. தள்ளு எப்படி அங்கே போய்ச் சேரும்?

வீட்டுக்குத் தளம் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். கலவைச் சட்டி கீழிருந்து மேலே கை மாறிக் கை மாறிப் போகும். கடலில் சட்டி மேலிருந்து கீழே வருகிறது, கை மாற்றுபவை சுழிகள். அவை அடுக்குகளுக்கு நடுவிலுள்ள எல்லையை மேடும் பள்ளமுமாக நெளிய வைக்கின்றன. மேல் அடுக்கு அந்த நெளிவின் மேல் சாய்ந்து கீழ் அடுக்கைத் தள்ளுகிறது, அது தனக்குக் கீழே உள்ளதைத் தள்ளுகிறது. இப்படியே தரை வரை. அதனால்தான் ஒவ்வொரு பெரிய மலையின் பின்பக்கமும் சுழிகள் கூட்டமாக இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. கடந்த சில பத்தாண்டுகளில் அங்கே காற்று வலுத்திருக்கிறது. நீரோட்டமும் அதே அளவுக்குப் பெருத்திருக்க வேண்டுமே என்று பார்த்தால், அப்படித் தெரியவில்லை. சுழிகளின் வேகம்தான் கூடியிருக்கிறது. சட்டிகள் அதிகம் வந்தால் கை மாற்றும் ஆட்கள் அதிகமாகிறார்கள். வரிசை அப்படியே இருக்கிறது. முப்பது வருடம் கப்பலில் இருந்தபோது, காற்று கூடினால் ஓட்டமும் கூடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

இந்தச் சுழிகளை முதலில் யார் பார்த்தது? (திருச்சி வாசகர்)

தேடிப் போகாதவர்கள்தான் பார்த்தார்கள். 1955-ல் ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயர் ஒரு மிதவை செய்தார். கட்டிட வேலைக்குச் சாரம் கட்டும் அலுமினியக் குழாயை எடுத்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துச் சுவரை மெலிதாக்கி, எடையைச் சரிபார்த்துக் கடலில் விட்டால் அது குறிப்பிட்ட ஆழத்தில் மிதந்துகொண்டே ஒலி எழுப்பும். கப்பல் அந்த ஒலியைப் பின்தொடரும். 1959, 60-ல் பெர்முடா அருகே ஏரிஸ் என்ற பாய்மரப் படகில் இதை வைத்து ஆழ்கடல் நீர் எப்படி நகர்கிறது என்று பார்க்கப் போனார்கள். விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் வடக்கே ஊர்ந்து போகும், மாதக்கணக்கில் நிதானமாகக் கூடவே போகலாம் என்பது திட்டம். மிதவைகள் பத்து மடங்கு வேகத்தில் ஆளுக்கொரு திசையாகப் போயின. திசையையும் மாற்றிக்கொண்டன. சின்னப் படகால் துரத்தி மாளவில்லை. பிறகு 1970-ல் சோவியத் கப்பல்கள் அட்லாண்டிக்கில் மாதக்கணக்கில் கருவிகளைக் கட்டிவைத்து அளந்தன. 1973-ல் பெர்முடா பக்கம் இன்னொரு பெரிய அளவீடு நடந்தது. ஆழ்கடல் அமைதியாக ஊர்கிறது என்ற படம் அதோடு போயிற்று. இன்று செயற்கைக்கோள் கடல் மட்டத்தின் சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தை அளந்து சுழிகளை எண்ணுகிறது. கடல் ஓட்டங்களின் இயக்க ஆற்றலில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது.

பருவநிலையைக் கணிக்கும் கணினிகள் இதையெல்லாம் கணக்கில் எடுக்கின்றனவா? (கோவை, மென்பொருள் துறை வாசகர்)

பாதி எடுக்கின்றன. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கு. கட்டம் 100 கிலோமீட்டர் என்றால், அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலின் சுழி அந்தக் கட்டத்துக்குள்ளேயே தொலைந்துபோகும். உங்கள் துறை மொழியில் சொன்னால், ஒரு பிக்சலை விடச் சின்னது. அதனால் சுழிகளின் வேலையை ஒரு சூத்திரமாக எழுதி உள்ளே போடுகிறார்கள். 1990-ல் ஜென்ட், மெக்வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் தந்த சூத்திரம் இன்னும் ஓடுகிறது. ஆனால் அது சுழியை, சாய்ந்த அடுக்குகளைச் சமப்படுத்தும் ஒரு கையாகத்தான் பார்க்கிறது. சுழி ஓட்டத்தைக் கட்டவும் செய்யும் என்று வாதாடியவர் கனடாவின் கடலியலாளர் கிரெக் ஹாலோவே. 1992-ல் அதற்கு ஒரு சூத்திரமும் எழுதினார். 'நெப்டியூன்' என்று செல்லப்பெயர்.

முறத்தில் அரிசி கொழிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கை முன்னும் பின்னும் ஆடுகிறது, எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. ஆனாலும் முறத்தின் வாட்டத்தால் கல் ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் ஒதுங்குகின்றன. ஹாலோவே சொன்னது கிட்டத்தட்ட இதுதான்: சரிவான தரையின் மேல் சுழிகள் தாறுமாறாக ஆடினாலும், மிச்சமாக ஒரு நிலையான ஓட்டம் தேறும். தென் அரைக்கோளத்தில் ஆழம் குறைந்த பக்கம் அதற்கு இடதுகைப் பக்கமாக இருக்கும், வட அரைக்கோளத்தில் வலதுகைப் பக்கம். கலிபோர்னியாக் கரைக்குக் கீழே ஆழத்தில் வடக்கே போகும் ஓட்டம் இந்த விதிக்கு ஒத்துப்போகிறது. ஆர்க்டிக்கின் பள்ளங்களைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் ஓட்டமும் அப்படியே. நான் 16.8 நாட்டில் தென்மேற்கே போனேனே, அதே இடத்தில் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே வடகிழக்கே ஓர் எதிர் ஓட்டம் போகிறது. அதற்கும் இடதுகைப் பக்கம்தான் ஆப்பிரிக்கா.

எல்லாவற்றையும் விட விசித்திரம் அர்ஜென்டினாவுக்கு வெளியே, தெற்கு 45 டிகிரி அருகே இருக்கிறது. சுமார் ஆறு கிலோமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தின் தரையில் ஸபியோலா மேடு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். அதைச் சுற்றி மேல்மட்டத்திலிருந்து அடிவரை தண்ணீர் கடிகார முள்ளுக்கு எதிராக, விநாடிக்குப் பத்துக் கோடி கனமீட்டர் அளவில் சுற்றுகிறது. இதைச் சுற்ற வைப்பது நேராக அதன் மேல் அடிக்கும் காற்று இல்லை, சுற்றிலும் மொய்க்கும் சுழிகள். மேட்டைச் சுற்றிச் சுழிகளின் அமளி, மேட்டின் நடுவில் அமைதி. அந்த மேடு பாறையும் இல்லை. நீரோட்டம் கொண்டுவந்து கொட்டிய வண்டல், வெறும் சேறு. அதன் முதுகில் மணல்மேட்டில் இருப்பது போல அலையலையாகச் சேற்று வரிகள்கூட உண்டு.

நான் அதன் மேல் போனதில்லை. ரோசாரியோவில் சோயா ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனைக்குப் போகும் பாதை அதற்குப் பல நூறு கிலோமீட்டர் வடக்கே. போயிருந்தாலும் லாக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் கால் நாட் வித்தியாசம் காட்டியிருக்கும். அதை லாக் புத்தகத்தில் எழுதிவிட்டு டீ போடப் போயிருப்பேன்.